சட்டைப் பையில் அடங்குற கேமரா தீமிதிக்குத் தாங்குமா?

செம்பனைவரி எழுதியது:

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டக் கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளி நிகழ்ச்சிகள் இதையெல்லாம் படம் பிடித்து வைக்க ஒரு மெலிந்த கேமரா தேடுகிறேன். வேலை மூன்று விதம். பகலில் செம்பனை (எண்ணெய்ப் பனை) நிரைகள், பழைய லயத்து வீடுகள். இரவில் ரத ஊர்வலம், தீமிதி. மூன்றாவது, தோட்டத்துக் குடும்பங்கள் வைத்திருக்கும் பழைய ஆல்பப் படங்களை நகலெடுப்பது.

மோட்டார் சைக்கிளில் கொண்டுபோக வேண்டும், சட்டைப் பையில் அடங்க வேண்டும். கைப்பேசியில் எட்டி நிற்கிற சாமியை இழுத்து எடுத்தால் முகம் மாவு பிசைந்தது மாதிரி ஆகிவிடுகிறது. அதனால்தான் தனிக் கேமரா.

கண்ணில் இரண்டு இருக்கிறது: கேனன் இக்ஸஸ் 285 எச்எஸ், பயன்படுத்திய சோனி ஆர்எக்ஸ்100 முதல் மாடல். முதலாவது மெல்லிசு, 12 மடங்கு சூம். இரண்டாவது தடிமன், சூம் கம்மி. எதை வாங்கினால் எதை இழப்பேன்?

---

குவியத்தூரம் எழுதியது:

இக்ஸஸ் 285 தடிமன் 22.6 மி.மீ., எடை 147 கிராம். ஆர்எக்ஸ்100 தடிமன் 35.9 மி.மீ., எடை 240 கிராம். நடுவில் இருக்கும் 13 மில்லிமீட்டரில்தான் எல்லாக் கணக்கும் இருக்கிறது.

இக்ஸஸில் உள்ள சென்சர் (ஒளியைப் படமாக்கும் சில்லு) 1/2.3 அங்குலம். பரப்பு ஏறக்குறைய 28 சதுர மி.மீ. சோனியில் இருப்பதற்கு '1 அங்குலம்' என்று பெயர். உண்மை அளவு 13.2க்கு 8.8 மி.மீ., பரப்பு 116. நான்கு மடங்குக்கு மேல். லென்ஸைப் பாருங்கள். எஃப் என்பது ஒளி நுழையும் துளையின் எண், எண் சிறிதானால் துளை பெரிது. அகலக் கோணத்தில் இக்ஸஸ் எஃப் 3.6, சோனி எஃப் 1.8. துளை எண் பாதியானால் ஒளி நான்கு மடங்கு. நாலை நாலால் பெருக்குங்கள், இருட்டில் இரண்டுக்கும் 16 மடங்கு வித்தியாசம்.

இதைத் திருவிழாவில் வைத்துப் பார்ப்போம். ரதத்து விளக்கு வெளிச்சத்தில், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 1600ல், எஃப் 1.8ல் 1/125 வினாடி ஷட்டர் வேகம் கிடைக்கிறது என்று வையுங்கள். அதே இடத்தில் இக்ஸஸுக்கு 1/30தான் கிடைக்கும், அதுவும் சோனியைவிடப் புள்ளி விழுந்த படமாக. ஆட்டத்தடுப்பு இருக்கிறதே என்பீர்கள். அது நம் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும். காவடி எடுத்து ஆடுகிறவர் 1/30ல் இழுபட்டுத்தான் வருவார்.

சூமை இழுத்தால் இன்னும் மோசம். முழுக்க இழுத்த 300 மி.மீ. குவியத்தூரத்தில் இக்ஸஸ் எஃப் 7.0. அந்த 1/30, 1/8 ஆகிவிடும். ஆக 12 மடங்கு சூம் என்பது பகல் சாமான். பள்ளி விளையாட்டுப் போட்டியில் திடலின் அடுத்த முனையில் ஓடுகிற பிள்ளையைப் பிடிக்க நன்றாக உதவும். இரவில் அந்த எண் பெட்டியில் அச்சடித்திருப்பதற்கு மட்டும்தான்.

சோனியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். முழுக்க இழுத்தால் 100 மி.மீ.தான், துளையும் எஃப் 4.9 ஆகச் சுருங்கும். மேலே சொன்ன 1/125 ஏறக்குறைய 1/15க்கு இறங்கிவிடும். அகலக் கோணத்தில் வைத்து நடந்து கிட்டே போங்கள். 2014ல் வந்த ஆர்எக்ஸ்100 மார்க் 3 இந்தக் குறையைத் தீர்த்தது, 70 மி.மீ.யிலும் எஃப் 2.8. ஆனால் தடிமன் 41 மி.மீ., சட்டைப் பை தொங்கும்.

தீமிதிக்கு இரண்டு விஷயம். சுற்றிலும் இருட்டு என்பதால் கேமரா தானே வெளிச்சத்தைக் கூட்டி, தணலை வெறும் வெள்ளையாக்கிவிடும். எக்ஸ்போஷரை (வெளிச்ச அளவை) மைனஸ் 1க்கு இறக்குங்கள். இரண்டாவது, இருட்டில் ஃபோகஸ் தேடிக்கொண்டே இருக்கும். குழியின் முடிவில் பால் ஊற்றி வைத்திருக்கும் இடத்தின் ஓரத்தில் ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்திப் பிடித்துக் காத்திருங்கள். ஆள் அந்த இடத்துக்கு வந்ததும் மீதியை அழுத்தினால் போதும்.

ஃபிளாஷை மறந்துவிடுங்கள். இக்ஸஸில் அது எட்டுவது அகலக் கோணத்தில் சுமார் 4 மீட்டர், சூமில் 2 மீட்டர். மெல்லிய கேமராவில் ஃபிளாஷ் லென்ஸுக்கு ஒட்டினாற்போல் இருப்பதால் சாம்பிராணிப் புகை, தூசி, தூறல் எல்லாம் வெள்ளை வட்டங்களாக மிதக்கும். சிலர் அதை ஆவி என்று ஃபேஸ்புக்கில் போடுகிறார்கள், அது வேறு கதை. ஆர்எக்ஸ்100ல் மேலெழும் ஃபிளாஷை விரலால் பின்னுக்குச் சாய்த்துப் பிடித்தால் ஒளி கூரையில் பட்டு இறங்கும். தாழ்ந்த வெள்ளைக் கூரை உள்ள மண்டபத்தில் மட்டும் இது நடக்கும்.

செம்பனை நிரைக்கு ஒரு வார்த்தை. மட்டைக்கு அடியில் நல்ல நிழல், அதனால் சின்ன சென்சர் தானே ஐஎஸ்ஓவை ஏற்றிவிடும். அப்புறம் புள்ளிகளைத் துடைக்கிறேன் என்று ஓலை நுனிகளையும் சேர்த்து வழித்துவிடும், தண்ணீர் வண்ணத்தில் தீட்டினாற்போல் ஆகும். ஐஎஸ்ஓவை 200க்கு மேல் விடாதீர்கள், கேமராவை மரத்தில் சாய்த்து வைத்து எடுங்கள். சோனியில் ரா கோப்பு (கேமரா கைவைக்காத மூலப் பதிவு) உண்டு, இக்ஸஸில் கிடையாது. பிழையைப் பிறகு திருத்திக்கொள்ளும் வசதியும் அதோடு போகிறது.

---

பழுதுமேசை எழுதியது:

படத்தைப் பத்தி மேலே சொல்லியாச்சு. பொருள் எங்கே உடையும்னு நான் சொல்றேன்.

மெலிசான கேமராவில லென்ஸ் ஒண்ணுக்குள்ள ஒண்ணா அடுக்கின குழாய். அதைத் தள்றது ஒரு சின்ன மோட்டார், பிளாஸ்டிக் பல்சக்கரம். தோட்டத்துச் செம்மண் ஒரு துகள் குழாய் இடுக்கில புகுந்தா சக்கரம் சிக்கும், திரையில 'லென்ஸ் எரர்'னு வரும். பாதிக் கேமரா மண்ணால சாகுதுன்னா மீதிப் பாதி பையிலயே சாகுது. பைக்குள்ள பவர் பொத்தான் அமுங்கும், லென்ஸ் வெளிய வரப் பார்க்கும், துணி தடுக்கும், பல்சக்கரம் பல்லு போயிடும். அதனால சட்டைப் பையில அப்படியே போடாதீங்க. பொத்தான் அமுங்காத கெட்டியான உறையில வச்சுப் போடுங்க. அதோட 'மெலிசு' கொஞ்சம் போயிடும்தான், என்ன செய்ய.

எரர் வந்துட்டா: பேட்டரியக் கழட்டுங்க. நல்லா சார்ஜ் ஏத்தின பேட்டரி போடுங்க, சார்ஜ் இறங்கினாலும் இதே எரர் வரும். லென்ஸைத் தரை பார்க்கத் திருப்பி, குழாய் இடுக்கைச் சுத்தி ரப்பர் ஊதுபந்தால ஊதுங்க. அப்படியே தலைகீழாப் பிடிச்சு ஆன் பண்ணுங்க. ரெண்டு மூணு தடவைக்கு மேல முயற்சி வேணாம். கையால இழுக்காதீங்க. துரு எண்ணெய் அடிக்கவே கூடாது, அது ஷட்டர் தகட்டுல படிஞ்சு ஒட்டிக்கும், அப்புறம் லென்ஸ் முழுசாவே மாத்தணும்.

யூடியூப் பார்த்துத் தானே திறக்கிற தம்பிங்களுக்கு: ஃபிளாஷ் கெப்பாசிட்டரில ஏறக்குறைய 300 வோல்ட் நிக்கும். பேட்டரி எடுத்த பிறகும் நிக்கும்.

இன்னொண்ணு, இந்தக் குழாய் உள்ள போய் வெளிய வரும்போது துருத்தி மாதிரிக் காத்தை இழுக்கும், கூடவே தூசியையும். சென்சர்ல ஒட்டினா சூம்ல கறுப்புப் புள்ளியாத் தெரியும். லென்ஸ் மாத்துற கேமரான்னா துடைச்சிடலாம். இதைப் பிரிச்சாத்தான் முடியும்.

பழசு வாங்கப் போறீங்களா, கடையிலயே இதைச் செய்யுங்க. பத்துத் தடவை ஆன், ஆஃப். காதுகிட்ட வச்சுக் கேளுங்க, கரகரன்னா வேணாம். முழு சூம் இழுத்து, ஆர்எக்ஸ்100னா எஃப் 11 வச்சு, வெள்ளைச் சுவரைப் பிடிங்க, புள்ளி இருந்தா அப்பத் தெரியும். டார்ச்சைச் சாய்வா லென்ஸுக்குள்ள அடிச்சா பூஞ்சை சிலந்தி நூல் மாதிரித் தெரியும். பேட்டரிய வெளிய எடுங்க. தானா நழுவி வரணும். இடிச்சுக்கிட்டு வந்தா உப்பியிருக்கு.

பூஞ்சை நம்ம ஊரு வியாதி. ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டி நாள் கணக்கா நின்னா வளரும், இங்கே ராத்திரி அதைவிட மேலதான் நிக்குது. தோல் உறையில போட்டு அலமாரியில வைக்காதீங்க, பூஞ்சைக்கு மெத்தை போட்ட மாதிரி. காத்துப் புகாத சாப்பாட்டு டப்பா, உள்ள 200 கிராம் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. முள் 40லிருந்து 50க்குள்ள இருக்கட்டும். நீலக் குருணை ரோசா நிறமாயிட்டா அடுப்புல 110 முதல் 120 டிகிரியில ஒண்ணு ரெண்டு மணி நேரம் காய வைங்க. சோறு ஆக்குற அடுப்புப் பாத்திரத்தோட சேர்க்காதீங்க, நீலத்துல கோபால்ட் இருக்கு. அரிசியில புதைக்கிற வழக்கத்தை விடுங்க, மாவுத்தூள்தான் உள்ள போகும்.

ஏர்கோன் காரிலிருந்து காலைப் பனியில இறங்கினா லென்ஸ் வேர்க்கும். இறங்குறதுக்கு முன்னாடியே ஜிப் பையில போட்டு மூடி, வெளிய வந்து 20, 30 நிமிஷம் கழிச்சுத் திறங்க.

---

செம்பனைவரி எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. துகள்தான் எமன் என்றால், லென்ஸ் வெளியே வராத மெலிந்த கேமரா இருக்கிறதா? ஆல்ப நகல் பற்றி யாரும் தொடவில்லையே, அண்ணே.

---

ரப்பர்விதை எழுதியது:

இருக்கிறது. 2002ல் மினோல்ட்டா டிமாஜ் எக்ஸில் வந்த வழி அது. உள்ளே ஒரு பட்டகம் ஒளியை 90 டிகிரி மடக்கி, உடம்புக்குள் செங்குத்தாக நிற்கும் லென்ஸ் வரிசைக்கு அனுப்பும். சோனி டி வரிசையில் முன்மூடியைச் சறுக்கித் திறப்பார்களே, அதுவும் இதுதான். குழாய் கிடையாது, மண் சிக்காது. பதிலுக்கு லென்ஸ் மூலையில் இருப்பதால் படத்தில் அடிக்கடி விரல் விழும், துளையும் பெரும்பாலும் சிறிது.

அந்த வழியில் வாங்கத் தகுந்தது ஒலிம்பஸ் டஃப் டிஜி-6. 2019ல் வந்தது. எஃப் 2.0ல் தொடங்குகிறது, ரா உண்டு, 15 மீட்டர் ஆழம்வரை நீர் புகாது. மழையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு இதைத்தான் சொல்வேன், ஆர்எக்ஸ்100 இல்லை. குவியத்தூரம் கணக்கு சரி, இதுவும் சின்ன சென்சர்தான். ஆனால் பழுதாகிக் கிடக்கும் பெரிய சென்சரைவிட வேலை செய்யும் சின்ன சென்சர் மேல். தடிமன் 32 மி.மீ. என்பதால் மெலிவில் பெரிய லாபம் இல்லை. கதவின் ரப்பர் வளையத்தில் ஒரு முடி கிடந்தாலும் தண்ணீர் புகும். மூடும்முன் ஒவ்வொரு தடவையும் துடையுங்கள்.

ஆல்பத்துக்கு வருவோம். இது மெலிந்த கேமராவும் நன்றாகவே செய்கிற வேலை. ஒளி, தூரம், அசையாமை மூன்றும் நம் கையில் இருக்கிறதல்லவா.

மேக்ரோ (மிகக் கிட்டத்தில் எடுக்கும் முறை) என்று 3 செ.மீ. தூரத்தில் குத்த வேண்டாம். அகலக் கோணத்தில் படத்தின் விளிம்பு பீப்பாய்போல் வளையும், கேமராவின் நிழலும் விழும். முக்காலியில் 40, 50 செ.மீ. உயரத்தில் வைத்து, சூமை 50 முதல் 70 மி.மீ.க்கு இழுங்கள். கேமரா நேராகக் குனிந்திருக்கிறதா என்று பார்க்க, மேசையில் படம் வைக்கும் இடத்தில் ஒரு சின்னக் கண்ணாடியை வையுங்கள். திரையின் நடுவில் லென்ஸின் பிம்பம் தெரிந்தால் சரி. கண்ணாடியை எடுத்துவிட்டுப் படத்தை வையுங்கள்.

ஜன்னல் ஒளி ஒரு பக்கம், மறுபக்கம் வெள்ளை மணிலா அட்டை. கூரை விளக்கை அணையுங்கள், இரண்டு ஒளி கலந்தால் நிறம் கெடும். ஃபிளாஷ் வேண்டாம். ஐஎஸ்ஓவை 100 பக்கம் வைத்து, வெள்ளைத் தாளைக் காட்டி நிறச் சமன் அமைத்து, 2 வினாடி டைமரில் எடுங்கள். ஆர்எக்ஸ்100ன் படம் 5472 பிக்சல் அகலம். 6 அங்குல அகலப் படத்தை முழுச் சட்டத்தில் நிரப்பினால் அங்குலத்துக்கு 900க்கு மேல் வரும், அந்தத் தாளில் அவ்வளவு நுணுக்கமே இருக்காது.

பிசின் தடவிய பக்கத்தில் பிளாஸ்டிக் மூடிய பழைய ஆல்பம் என்றால் பிளாஸ்டிக்கை மட்டும் மெல்லத் தூக்கி எடுங்கள். படத்தைப் பிய்க்காதீர்கள், இத்தனை வருடம் ஒட்டியிருந்தது முதுகுத் தாளோடு கிழிந்து வரும். அப்படியே ஆல்பத்தோடு பிடியுங்கள். பின்பக்கத்தில் பேரும் வருடமும் எழுதியிருக்கும் என்று தோன்றினால் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

---

பொரிகடலை எழுதியது:

அண்ணே, பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பழைய சிசிடி கேமரா, அதாவது பழைய வகை சென்சர் உள்ளது, போட்டு வச்சிருக்காங்க. பசங்க எல்லாம் அதைத்தான் தேடுறாங்க, நிறம் அழகா வருதாம். அது ஆகுமா?

---

பழுதுமேசை எழுதியது:

பிறந்தநாள் படத்துக்கு ஆகும் தம்பி, இவர் கேட்ட வேலைக்கு ஆகாது. ஐஎஸ்ஓ 400 தாண்டினாலே புள்ளி. வீடியோவில விளக்கு வந்தா மேலேயிருந்து கீழே ஊதாக் கோடு விழும்.

2005 அக்டோபரில ஒரு விஷயம் நடந்தது. சோனி செஞ்ச சில சிசிடி சில்லுகளில உள்கம்பி இணைப்பு விட்டுப்போற குறை. சூடும் ஈரமும் அதைக் கிளப்பிவிடும், நம்ம ஊரு வானிலை அப்படியே அதுதான். சில்லு சோனியோடதுன்னாலும் கேனன், நிக்கான், ஃபியூஜி மாடல்களிலயும் அது இருந்ததால பல கம்பெனிங்க இலவசமா மாத்திக் குடுத்தாங்க. இப்ப யாரும் மாத்த மாட்டாங்க. அந்தக் காலத்துக் கேமராவை ஆன் பண்ணும்போது திரை கறுப்பா, இல்ல ஊதாவாக் கோடு கோடா வந்தா அப்படியே கீழே வச்சிட்டு வாங்க.

கார்டையும் பாரு. 2006க்கு முந்தின கேமரா பெரும்பாலும் 2 ஜிபி எஸ்டி மட்டும்தான் படிக்கும். எஸ்டிஎச்சி அடையாளம் இருந்தா 32 வரைக்கும், 64க்கு எஸ்டிஎக்ஸ்சி அடையாளம் வேணும். பழைய ஒலிம்பஸ், ஃபியூஜின்னா எக்ஸ்டி கார்டு, பழைய சோனின்னா மெமரி ஸ்டிக். கார்டு கூடவே குடுக்கலைன்னா விலை பேசாதே.

செம்பனைவரி அண்ணே, பேட்டரி விட்டுப்போச்சு. இக்ஸஸ் ஒரு சார்ஜுக்கு 180 படம், ஆர்எக்ஸ்100 330. இது கம்பெனிக் கணக்கு. திருவிழா ராத்திரி வீடியோவும் பிடிச்சா அதில பாதிதான் நிக்கும். ஆர்எக்ஸ்100ஐ மைக்ரோ யுஎஸ்பியில பவர்பேங்கிலிருந்தே ஏத்தலாம், இக்ஸஸுக்குப் பேட்டரியக் கழட்டித் தனிச் சார்ஜரில போடணும். எதை வாங்கினாலும் ரெண்டாவது பேட்டரி ஒண்ணு சேர்த்து வாங்குங்க. ஆர்எக்ஸ்100 உடம்பு வழவழன்னு இருக்கும், முன்பக்கம் ஒட்டுற பிடி ஒண்ணும் வாங்கி ஒட்டிடுங்க. பால் சிந்தின கையோட பிடிச்சா கண்டிப்பா வழுக்கும்.