டெக்சஸ் செல்கிறோம்: மகளைச் சார்ட்டர் பள்ளியில் சேர்க்கலாமா?

செங்காங் தாய்:
அனைவருக்கும் வணக்கம். என் கணவரின் பணியிட மாற்றத்தால் வரும் ஜூன் விடுமுறையில் நாங்கள் ஹியூஸ்டனுக்குக் குடிபெயர்கிறோம். மகள் இப்போது தொடக்கநிலை மூன்றில் படிக்கிறாள். அங்குள்ள உறவினர் ஒருவர், “கட்டணம் கிடையாது, சார்ட்டர் பள்ளியில் போடுங்கள்” என்கிறார். அவர் மனைவியோ, அத்தகைய பள்ளியைத் திடீரென்று மூடிவிட்டால் பிள்ளை நடுத்தெருவில் நிற்பாள் என்று பயப்படுகிறார். எல்லாவற்றையும் கல்வி அமைச்சு பார்த்துக்கொள்ளும் ஊரிலேயே வளர்ந்த எனக்கு, அரசுப் பணத்தில் தனியார் குழு நடத்தும் பள்ளி என்பது சரியாகப் பிடிபடவில்லை. மாநிலச் சட்டம் இவற்றை எந்த அளவுக்குக் கட்டுப்படுத்துகிறது என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஈசூன் வாசகர்:
சகோதரி, டல்லாஸில் ஆறு ஆண்டுகள் இருந்து திரும்பியவன் நான். சார்ட்டர் என்பது, பள்ளி நடத்த முன்வரும் குழு அரசு அமைப்போடு செய்துகொள்ளும் ஒப்பந்தம்தான்; பள்ளி நடத்துவதற்கான உரிமமும் அதுவே. கட்டணம் வாங்கக்கூடாது, மதம் போதிக்கக்கூடாது, இடங்களைவிட விண்ணப்பங்கள் கூடினால் பொதுவாகக் குலுக்கல் நடத்த வேண்டும். மின்னசோட்டா 1991இல் முதல் சட்டத்தை இயற்றியது. டெக்சஸ் 1995இல் அதைப் பின்பற்றியது. டெக்சஸில் ஒப்புதல் தருபவர் கல்வி ஆணையர். மாநிலக் கல்வி வாரியம் அதைத் தடுக்கலாம்.

உங்கள் கேள்விக்கு முக்கியமானது அங்கு 2013இல் வந்த சட்டம். உரிமங்களின் உச்சவரம்பைப் படிப்படியாக 305 வரை உயர்த்திய அதே சட்டம், கல்வித் தரத்திலோ நிதி நிர்வாகத்திலோ தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தேறாத பள்ளியின் உரிமத்தை ஆணையர் ரத்து செய்தே ஆக வேண்டும் என்றும் விதித்தது. பலர் கவனிக்காத ஒன்றையும் சொல்கிறேன்: அந்த 305 என்பது உரிமங்களின் எண்ணிக்கை, ஒரே உரிமத்தின் கீழ் பல வளாகங்களைத் திறக்க அனுமதி பெறலாம் என்பதால், உச்சவரம்பைத் தொடாமலேயே விரிவாக்கம் நடந்துகொண்டிருக்கிறது.

நான் மகனுக்கு விண்ணப்பித்தபோது மதிப்பெண் புத்தகம், தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் கோப்பில் அடுக்கிக்கொண்டு போனேன். அவர்கள் முதலில் கேட்டது மின்கட்டண ரசீதை. ஒப்பந்தத்தில் குறித்த எல்லைக்குள் வீடு இருக்கிறதா என்பதே அவர்களுக்கு முக்கியம். நம் தொடக்கநிலை ஒன்று பதிவில் ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் என்று பார்ப்பதைப் போன்றது அது. குலுக்கலில் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை, காத்திருப்போர் பட்டியலில் பெயர் வந்தது, ஆகஸ்டில்தான் அழைத்தார்கள். நிர்வாகக் குழுக் கூட்டங்களைப் பொதுமக்களுக்குத் திறந்து வைக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதால் ஒருநாள் மாலை போய் உட்கார்ந்தேன். வாடகைக்கு எவ்வளவு, ஆசிரியர் சம்பளத்துக்கு எவ்வளவு என்று வரவுசெலவுத் தாளில் தெளிவாக இருந்தது. என்னைத் தவிர மூன்று பெற்றோர் மட்டுமே வந்திருந்தனர் என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

உட்லண்ட்ஸ் முன்னாள் ஆசிரியர்:
மேலே எழுதியவரின் தகவல்களை மறுக்கவில்லை, ஆனால் நான் இவ்வளவு நம்பிக்கையோடு பேச மாட்டேன். மாணவர் எங்கே போகிறாரோ அவருக்குரிய பணமும் அங்கே போவதால், விரிவாக்கச் சட்டம் ஒவ்வொன்றும் பக்கத்து மாவட்டப் பள்ளியின், அதாவது ‘பள்ளி மாவட்டம்’ எனப்படும் வட்டார அமைப்பு நடத்தும் வழக்கமான பொதுப்பள்ளியின், வரவில் கை வைக்கிறது. மாசசூசெட்ஸ் வாக்காளர்கள், ஆண்டுக்குப் பன்னிரண்டு புதிய சார்ட்டர் பள்ளிகள் வரை அனுமதிக்கும் திட்டத்தை 2016இல் பெரும்பான்மையாக நிராகரித்தார்கள். புதிய பள்ளி மாவட்டத்தின் நிதியைப் பாதிக்குமா என்று பார்த்து முடிவெடுக்கும் அதிகாரத்தைக் கலிபோர்னியா 2019இல் பள்ளி மாவட்டங்களுக்கு வழங்கியது.

வாஷிங்டன் மாநிலத்தில் நடந்ததை மறக்க முடியாது. 2012இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய சட்டம், மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த வாரியத்தின் கட்டுப்பாட்டில் இல்லாத பள்ளிகளுக்குப் பொதுப்பள்ளி நிதியைத் தருவதால் அரசமைப்புக்கு முரணானது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2015 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. பிள்ளைகள் ஏற்கெனவே வகுப்பில் உட்கார்ந்திருந்த நேரம் அது! மறு ஆண்டு லாட்டரி வருவாயிலிருந்து பணம் ஒதுக்கிப் புதிய சட்டம் வந்தது.

என் தங்கை மகள் வேறொரு மாநிலத்தில் படித்த சார்ட்டர் பள்ளி ஆண்டின் நடுவிலேயே மூடப்பட்டது. தன் வண்ணப் பென்சில்களையும் பாதி முடித்த அறிவியல் திட்டப்பணியையும் ஒரு காகிதப் பையில் போட்டுக்கொண்டு அவள் வீடு திரும்பிய படத்தைத் தங்கை எனக்கு அனுப்பியிருந்தாள். உரிமத்தை ரத்து செய்யச் சட்டத்தில் வழி இருப்பது சரிதான். ரத்தான மறுநாள் அந்தப் பிள்ளை எங்கே போவாள் என்பதையும் நாம் கேட்க வேண்டும்.

செங்காங் தாய்:
இருவருக்கும் மிக்க நன்றி. ஜூனில் போய் இறங்கும் எங்களுக்குக் குலுக்கல் முடிந்திருக்கும் என்று தோன்றுகிறது. அப்படியானால் என்ன செய்வது?

ஈசூன் வாசகர்:
ஆசிரியர் ஐயா கேட்டது நியாயமான கேள்வி, உங்கள் கேள்விக்கும் பதில் அதிலேயே இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் பொதுப்பள்ளி, பள்ளி வயதுப் பிள்ளையை ஆண்டின் எந்த மாதத்தில் போனாலும் சேர்த்துக்கொள்ளக் கடமைப்பட்டது. ஆகவே வாடகை வீடு பார்க்கும்போதே அந்த முகவரிக்குரிய மாவட்டப் பள்ளி எது, அதற்கு மாநிலம் என்ன தரம் கொடுத்திருக்கிறது என்று பாருங்கள். மகளை முதலில் அங்கே சேர்த்துவிடுங்கள். சார்ட்டர் பள்ளிக்கு அடுத்த ஆண்டுக்கான விண்ணப்பத்தை நிதானமாகப் போடலாம். அப்போது கடந்த மூன்று ஆண்டுகளின் தர மதிப்பீட்டையும், உரிமம் எந்த ஆண்டு முடிகிறது என்பதையும், உங்கள் மகளின் ஆசிரியர் சான்றிதழ் பெற்றவரா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள்; டெக்சஸ் சார்ட்டர் பள்ளிகளில் பெரும்பாலான பாடங்களுக்குப் பட்டம் மட்டும் இருந்தாலே போதும்.