கிவன்: மஃபுயு பாடிய எபிசோடு

என் சித்தி மகள்தான் 'கிவன்' என்ற ஜப்பானிய அனிமே தொடரைப் பார்க்கச் சொன்னாள். "பேண்ட் கதை அக்கா, நீதான் கிட்டார் வாசிப்பியே, பாரு" என்றாள். இரண்டு பையன்களுக்கு நடுவில் காதல் வரும் என்பதைச் சொல்லவே இல்லை. அதற்கு முன்னால் நான் சில பிஎல் அனிமே, அதாவது ஆணுக்கும் ஆணுக்கும் நடுவில் காதல் வருகிற கதைகள், பார்த்திருந்தேன். ஒருவன் துரத்துவான், இன்னொருவன் விலகி ஓடுவான், இஷ்டமா என்று யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். அதெல்லாம் எனக்கு ஒத்துவரவில்லை. 'கிவன்' வேறு மாதிரி என்பது முதல் எபிசோடிலேயே தெரிந்துவிட்டது.

முக்கியத் திருப்பங்களைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. தற்கொலை பற்றியும் வரும். இன்னும் பார்க்காதவர்கள் யோசித்துவிட்டு மேலே படியுங்கள்.

உயெனொயாமா ரிட்சுகா பள்ளியில் படிக்கிறவன். நன்றாக கிட்டார் வாசிப்பான், ஆனால் வாசிப்பதில் இருந்த சந்தோஷம் போய்விட்டது. மதிய நேரத்தில் தூங்க அவனுக்கென்று ஒரு படிக்கட்டு உண்டு. ஒருநாள் அங்கே வேறொருவன் கிட்டாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்குகிறான். அவன்தான் சாதோ மஃபுயு. கையில் இருப்பது ஒரு கிப்ஸன். அதன் கம்பி துருப்பிடித்து அறுந்து கிடக்கிறது. இவ்வளவு நல்ல கிட்டாரை இப்படி வைத்திருக்கிறானே என்று ரிட்சுகாவுக்குப் பொறுக்கவில்லை. புதுக் கம்பி மாட்டி, சுதி சேர்த்து, ஒரு கார்டை மீட்டிக் காட்டுகிறான். அந்த ஒலியைக் கேட்டு மஃபுயுவின் முகம் மாறுவதைப் பாருங்கள். எனக்கு சொல்லிக்கொடு என்று அன்றிலிருந்து மஃபுயு அவன் பின்னாலேயே சுற்றுகிறான். பிறகு ரிட்சுகாவின் பேண்டிலேயே பாடகனாகச் சேர்கிறான்.

அந்த இடத்தில் நான் படத்தை நிறுத்திவிட்டேன். எங்கள் வீட்டில் அண்ணனுடைய கிட்டார் அலமாரி மேலே இருந்தது. அண்ணன் விபத்தில் போன பிறகு யாரும் அதைத் தொடவில்லை. சென்னையில், கடலுக்குப் பக்கத்தில் வீடு. உப்புக்காற்றில் கிட்டார் கம்பி தாங்காது. வாசிக்காமல் விட்டால் கொஞ்ச நாளிலேயே கறுத்து, பிறகு செம்மண் நிறத்தில் பொரிந்துவிடும். தொட்டால் விரலில் ஒட்டும். நான் எனக்கென்று தனியாக வாங்கிய கிட்டாரில்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். அண்ணனுடையதை எடுத்து வாசி என்று யாரும் சொல்லவில்லை, எடுக்காதே என்றும் சொல்லவில்லை.

மஃபுயுவின் கிட்டாரும் அவனுடையது இல்லை. சின்ன வயதிலிருந்து கூடவே இருந்த யூகி என்பவனுடையது. இருவரும் காதலர்கள். யூகி தன் நண்பர்களோடு பேண்ட் ஆரம்பித்து, பகுதிநேர வேலை செய்து அந்த கிட்டாரை வாங்குகிறான். இரண்டு பேருக்கும் சேர்ந்திருக்க நேரமே இல்லாமல் போகிறது. ஒரு சண்டையில் மஃபுயு, "எனக்காகச் சாவியா?" என்ற மாதிரி ஏதோ கேட்டுவிடுகிறான். யூகி தன்னை மாய்த்துக்கொள்கிறான். கிட்டாரை யூகியின் அம்மா மஃபுயுவிடம் கொடுக்கிறார். ரிட்சுகா, மஃபுயு இருக்கிற பேண்டின் பெயரான 'கிவன்' (கொடுக்கப்பட்டது) அதிலிருந்து வந்ததுதான்.

இதையெல்லாம் தொடர் ஒரேயடியாகக் கொட்டிவிடாது. ஒரு எபிசோடில் பள்ளியில் பரவும் வதந்தியாக வரும். இன்னொன்றில் யூகியின் பழைய பேண்ட் நண்பன் ஹீராகி வந்து நிற்பான். மஃபுயு தானாக வாய் திறந்து சொல்வது மிகக் குறைவு. ரிட்சுகா ஒரு மெட்டு போட்டுக் கொடுத்து, நீயே வரிகள் எழுது என்கிறான். மஃபுயுவால் ஒரு வரிகூட எழுத முடியவில்லை. அழவும் முடியவில்லை. எட்டு எபிசோடுகள் இப்படியே போகும். சிலருக்கு இது மெதுவாகத் தெரியலாம். எனக்கு இந்த மெதுவு ரொம்பவும் சரி என்று தோன்றியது, ஏனென்றால் துக்கத்தில் இருக்கிறவரிடம் பேச்சு அவ்வளவு சீக்கிரம் வராது.

அவர்கள் பேண்ட் மேடை ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால் மஃபுயுவின் கிட்டார் கம்பி மறுபடி அறுந்துவிடுகிறது. ரிட்சுகா ஓடிப்போய்க் கம்பி வாங்கி வந்து மாட்டுகிறான். அப்புறம் ஒன்பதாவது எபிசோடு. வரிகள் இல்லாமலேயே மைக் முன்னால் நிற்கிற மஃபுயு திடீரென்று பாட ஆரம்பிக்கிறான். 'ஃபுயு நோ ஹனாஷி' என்ற அந்தப் பாட்டை எழுதி மெட்டமைத்தவர் சென்டிமில்லிமென்டல் என்ற பெயரில் பாடுகிற அட்சுஷி. மஃபுயுவுக்குக் குரல் கொடுத்த யானோ ஷோகோவே பாடியிருக்கிறார். குரல் உடைகிற இடங்களைத் திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். தேர்ந்த பாடகர் பாடியிருந்தால் இந்தப் பாட்டு கெட்டுப்போயிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

இதை நான் இரண்டாவது முறை பார்த்தபோது அம்மா துணி மடித்துக்கொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏண்டி, இந்தப் பையன் எதுக்கு இப்படிக் கத்திப் பாடுறான்?"

"அவன் விரும்பின பையன் செத்துப்போயிட்டான்மா."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த கிட்டார் செத்தவனோடதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பாட்டு முடிகிற வரைக்கும் எழுந்துபோகவில்லை. இரண்டு பேரும் பையன்கள்தானே என்று அம்மா கேட்பார், என்ன பதில் சொல்வது என்று நான் உள்ளுக்குள் தயாராகிக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்வி வரவே இல்லை. அந்த வாரமே அண்ணனின் கிட்டாருக்குக் கம்பி மாற்றினேன். "பழைய கம்பியைத் தூக்கிப் போட்டுடாதே" என்று மட்டும் சொன்னார்.

பாட்டு முடிந்ததும் மேடைக்குப் பின்னால் ரிட்சுகா மஃபுயுவை முத்தமிடுவான். பலருக்கும் அதுதான் உச்சக்கட்டம். என் மனதில் நின்றது அதற்கு முன்னால் ரிட்சுகா படுகிற பாடு. இறந்துபோனவன் மேல் பொறாமைப்படுகிறோமே என்று அவனுக்கே தன் மேல் கோபம் வருகிறது. அவன் யூகியை மறக்கச் சொல்லவில்லை, கிட்டாரை மாற்றச் சொல்லவில்லை. யூகிக்காகப் பாடுகிற பாட்டுக்குப் பக்கத்தில் நின்று கிட்டார் வாசிக்கிறான். இறந்தவனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளாமலே உயிரோடு இருக்கிறவன் மேல் காதல் வரலாம் என்று காட்டியதற்காகவே இந்தத் தொடரை நான் மறுபடி மறுபடி பார்க்கிறேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்று புரிந்ததும் குழம்பிப்போகிற ரிட்சுகா, அதே பேண்டில் டிரம்ஸ் வாசிக்கிற அகிஹிகோவிடம் போய்க் கேட்கிறான். அகிஹிகோ கேலி செய்யாமல், தானும் ஆணோடு இருந்தவன்தான் என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறான். பதினாறு பதினேழு வயதில் அப்படிச் சொல்ல ஒரு மூத்தவர் இருந்தால் எவ்வளவு பெரிய விஷயம்!

2013-இல் கிசு நட்சுகி வரைய ஆரம்பித்த மாங்கா (ஜப்பானியப் படக்கதை) இது. 2019 ஜூலையில் லெர்ச்சே ஸ்டுடியோ 11 எபிசோடுகளாக எடுத்தது. ஃபுஜி டிவியின் பின்னிரவு அனிமே நேரமான நொய்டமினாவில் வந்த முதல் பிஎல் தொடர் இதுதான். அதற்கு முந்தைய செப்டம்பரில்தான் நம் உச்ச நீதிமன்றம், ஒரே பாலினத்தவர் உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவைத் தளர்த்தியிருந்தது. என் நண்பர்களில் சிலர் அப்போதுதான் தங்களைப் பற்றி மெல்லப் பேசத் தொடங்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவனுக்கு இதை அனுப்பினேன். முழுவதும் பார்த்துவிட்டு, "இவங்க ரெண்டு பேருக்கும் பிராக்டிஸ் இருக்கு, பரீட்சை இருக்கு, எல்லாம் இருக்குல்ல" என்று எழுதினான். காதலைத் தவிர வேறு வாழ்க்கையும் அவர்களுக்கு இருப்பது அவனுக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கிறது.

பாட்டுப் பிரியர்களுக்கு ஒரு தகவல்: பல எபிசோடுகளின் தலைப்பே பாட்டுப் பெயர்தான். 'கிரீப்', 'வொண்டர்வால்', 'சாங் 2' என்று போகும்.

தொடரோடு நிறுத்திவிடாதீர்கள். 2020 ஆகஸ்டில் வந்த படம் பேண்டில் பேஸ் கிட்டார் வாசிக்கிற ஹருகி, அகிஹிகோ, வயலின் வாசிக்கிற உகெட்சு மூவரையும் பற்றியது. ஒரு மணி நேரம்கூட இல்லை. அதில் ஒரு காட்சியில் அகிஹிகோ ஹருகியிடம் அத்துமீறுவான். அதை நான் நியாயப்படுத்த மாட்டேன், தொடரில் இருந்த பொறுமை அங்கே இல்லை. 2024-இல் இரண்டு படங்கள் வந்தன. முதலில் ஹீராகியின் கதை, பிறகு 'உமி எ'. இந்தக் கடைசிப் படத்தைக் கண்டிப்பாகப் பாருங்கள். யூகி பாதியில் விட்டுப்போன பாட்டு ஒன்று ஹீராகியிடம் இருக்கிறது. அதை முடிக்கும் வேலை ரிட்சுகாவுக்கு வருகிறது. தன் காதலனின் பழைய காதலன் மனதில் என்ன நினைத்து மெட்டுப் போட்டிருப்பான் என்று யோசித்து யோசித்து, அவன் விட்ட இடத்திலிருந்து எழுத வேண்டும். தன் பாணியைத் திணிக்காமல், யூகியைப் போல நடிக்கவும் செய்யாமல் அதை அவன் எப்படி முடிக்கிறான் என்பதை உங்களில் கிட்டார் வாசிக்கிறவர்கள் பார்த்துவிட்டு எழுதுங்கள். அதைப் பற்றி உங்களோடு பேச எனக்கு ஆசையாக இருக்கிறது.