கத்திரி வெயிலில் வெறுங்காலோடு நடக்க முடிகிற தோட்டம்: வேலூர்ப் பக்கத்து அனுபவங்கள்

சத்துவாச்சாரி வாசி:

வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டுக் கட்டியவர்கள் அந்த இடத்தில் என்ன கல் போட்டீர்கள், என்ன செடி வைத்தீர்கள், எது நிலைத்தது என்று எழுதுங்கள். முதலில் என் கதை.

எங்கள் முன்பக்கம் சுமார் 400 சதுர அடி. 2018-ல் குடிவந்தபோது கேட்டிலிருந்து வாசற்படி வரை கறுப்புக் கடப்பா கல், மீதி இடமெல்லாம் கொரியன் புல். கல் கடையில் ஒரு கல் பலகைமேல் தண்ணீர் தெளித்துக் காட்டினார்கள். ஈரத்தில் அந்தக் கறுப்பு அப்படி மின்னியது. அதைப் பார்த்தே வாங்கிவிட்டோம். நாங்கள் போனது டிசம்பர் மாதம், காலை நேரம்.

அடுத்த மே மாதம்தான் தெரிந்தது. அம்மாவுக்கு வீட்டு எல்லைக்குள் செருப்புப் போட்டுப் பழக்கமில்லை. கேட் ஓரம் துணி விரித்து வடாம் காயப்போட்டிருந்தார். மதியம் இரண்டு மணி இருக்கும். காகம் வந்துவிட்டதென்று அவசரமாக ஓடியவர் பாதி வழியில் நின்றுவிட்டார். முன்னாலும் போக முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. தோளிலிருந்த துண்டைக் கீழே போட்டு, அதன்மேல் இரண்டு காலையும் ஒடுக்கி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். நான் ஓடிப் போய் செருப்பைக் கொடுத்தேன். அன்று ராத்திரி அவர் உள்ளங்காலில் வெண்ணெய் தடவும்போது எனக்கு மனசே ஆறவில்லை. அழகைப் பார்த்துக் கல் எடுத்தேனே தவிர, அதன்மேல் யார் நடக்கப்போகிறார்கள் என்று யோசிக்கவில்லை.

கறுப்புக் கல் பகல் முழுக்கச் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். பொழுது சாய்ந்த பிறகும் ஜன்னல் வழியாக அனல் உள்ளே வந்துகொண்டே இருக்கும். வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊரில் இது சின்ன விஷயமில்லை.

இன்னொன்று, எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம். கழுவக் கழுவக் கல்லில் வெள்ளைப் படலம் ஏறியது. சுத்தம் செய்ய வந்தவர் பாத்ரூம் ஆசிட்டை ஊற்றினார். சோடா பாட்டிலைத் திறந்தது மாதிரி ‘புஸ்’ என்று நுரை பொங்கியது. அழுக்கு போகிறது என்று நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். காய்ந்த பிறகு பார்த்தால் கல்லே அரித்துச் சாம்பல் திட்டாகிவிட்டது. கடப்பா கல் சுண்ணாம்புக்கல் வகையைச் சேர்ந்தது, ஆசிட் பட்டால் கரையும். அந்தத் திட்டுகள் கடைசிவரை போகவில்லை.

புல்லுக்குக் கோடையில் தினமும் 200 லிட்டர் டிரம் ஒன்று முழுசாகப் போயிற்று. தெருவில் குடத்தோடு லாரிக்குக் காத்திருக்கும்போது நம் வீட்டுப் புல்லுக்குக் குழாயைத் திறந்துவிடக் கூசியது.

2022-ல் எல்லாவற்றையும் பெயர்த்தோம். இப்போது இருப்பது வெளிர் சாம்பல் நிறக் கருங்கல், பாலிஷ் போடாத சொரசொரப்பு முகம். சுற்றிலும் கருங்கல் மலை, கோட்டைச் சுவரும் அதே கல்தான். நம் வெயிலையும் மழையையும் பல நூறு வருஷம் தாங்கிய கல்லை விட்டுவிட்டு வேறு எதையோ தேடியிருக்கிறேன். அடியில் கான்கிரீட் போடவில்லை. மண்ணை நன்றாகத் திமிசு போட்டு இறுக்கி, ஜல்லிப் பொடி பரப்பி, அதன்மேல் பலகையை உட்காரவைத்தார் மேஸ்திரி. பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலம் செடிப் பக்கம் சரிகிற மாதிரி வாட்டம். பலகைக்குப் பலகை நாலு விரல் இடைவெளி விட்டதால் மழைத் தண்ணீர் மண்ணுக்குள்ளேயே இறங்குகிறது.

ஆனால் ஒன்று. நிழல் இல்லாவிட்டால் இந்தக் கருங்கல்லும் சுடத்தான் செய்யும். எங்களைக் காப்பாற்றியது பாதை ஓரம் வைத்த புங்க மரம். வெயில் உச்சிக்குப் போகும் முன்பே பழைய இலையைக் கொட்டிவிட்டுப் புதுத் தளிர் விட்டுவிடும். சித்திரையில் அடர்த்தியான நிழல் கிடைக்கும். கல்லுக்குப் பணம் கொடுக்கும் முன் மரத்தை நட்டுவிடுங்கள்.

குடியாத்தம் மருமகள்:

அண்ணா, அம்மா துண்டின்மேல் நின்றதைப் படித்ததும் எங்கள் மாமியார் ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் வீட்டுப் பிரச்சினை சூடு இல்லை, கோலம்.

வாசல் முழுக்க இன்டர்லாக் பேவர் பிளாக் (ஒன்றோடொன்று கோத்துப் போடுகிற சிமெண்ட் கட்டி) போட்டோம். மார்கழி முதல் நாள் விடிகாலையில் சாணம் தெளித்துவிட்டு மாமியார் 15 புள்ளிக் கோலம் ஆரம்பித்தார். ஒரு பிளாக்கிலிருந்து அடுத்த பிளாக்குக்கு இழை தாண்டும்போதெல்லாம் மாவு ஜாயிண்டுக்குள் இறங்கிவிடுகிறது. சிக்குக் கோலத்தில் இழை அறுந்தால் பிறகு என்ன இருக்கிறது? பாதியில் மாவுக் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வாரமே ஆறுக்கு ஆறு அடி பிளாக்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மட்டும் மேடு பள்ளமில்லாமல் கருங்கல் பலகை போட்டோம். பொங்கலுக்குப் பானை வைக்கவும் அதே இடம்தான் இப்போது.

பிளாக் போடுகிறவர்கள் கனம் பார்த்து வாங்குங்கள். ஆள் நடக்க 60 மில்லிமீட்டர் போதும், கார் ஏறுகிற இடத்துக்கு 80 இருந்தால் நல்லது. எங்களுக்கு வேலை எடுத்தவர் எல்லா இடத்திலும் 60-ஐயே போட்டுவிட்டார். ஆறே மாதத்தில் டயர் போகிற தடம் பள்ளமாகிவிட்டது.

ஒரு சந்தேகம் அண்ணா, மழையில் கருங்கல் வழுக்காதா?

ராணிப்பேட்டை ஓய்வு ஆசிரியர்:

எங்கள் பக்கம் கல்லைவிடத் தண்ணீர்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரில் கலந்த கதை பாலாற்றங்கரை ஊர்க்காரர்களுக்குப் புதிதில்லை. 1996-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்ன விஷயம். எங்கள் தெருவில் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்தால் இன்றும் கரிக்கும்.

ஓய்வு பெற்ற பணத்தில் ஆசையாக நாற்பது ரோஜாச் செடி வைத்தேன். முதலில் இலை ஓரம் தீய்ந்தது போலப் பழுப்பானது. உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் உரம் போட்டேன். உப்பின்மேல் உப்பு சேர்த்த மாதிரி ஆகிவிட்டது. இரண்டு கோடைக்குள் எல்லாம் போயிற்று. ஒவ்வொன்றாகப் பிடுங்கும்போது வேரைச் சுற்றி மண் வெள்ளையாகப் பூத்திருந்ததைப் பார்த்தேன். அதன் பிறகுதான் தண்ணீரையும் மண்ணையும் பரிசோதனைக்குக் கொடுத்தேன். செடி வாங்கும் முன் செய்திருக்க வேண்டிய வேலை.

இப்போது இருப்பவை அரளி, காகிதப்பூ, தென்னை, சோற்றுக் கற்றாழை. உப்பைத் தாங்குகிறவை. அரளி மூன்று நிறத்தில் வருஷம் முழுக்கப் பூக்கிறது. சின்னக் குழந்தைகள், ஆடு மாடு இருக்கும் வீட்டில் மட்டும் கவனம், அரளி இலையும் சாறும் விஷம்.

செடியடியில் அழகுக்காக வெள்ளை மார்பிள் சிப்ஸ் கொட்டுகிறார்கள். நானும் கொட்டினேன். அதுவும் சுண்ணாம்புதான், ஏற்கெனவே காரத்தன்மை ஏறிய மண்ணுக்கு ஆகாது. அள்ளிவிட்டுத் தேங்காய் மட்டையும் காய்ந்த இலையும் பரப்பினேன். மண் ஈரம் காக்கிறது, கண்ணும் கூசவில்லை.

காட்பாடிக்காரன்:

சுருக்கமாக. சுற்றிலும் ஒரு அங்குலம் விடாமல் சிமெண்ட் தளம் போட்டிருந்தோம், பெருக்கச் சுலபம் என்று. 2021 நவம்பரில், பாலாற்றில் வெள்ளம் போன அதே மழையில், தண்ணீர் போக வழியில்லாமல் வராண்டா ஏறி உள்ளே வந்துவிட்டது. பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த பத்திரங்களை மின்விசிறிக்கு அடியில் ஒவ்வொரு தாளாக உலர்த்தினோம். ஆயிரம் சதுர அடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தாலே 900 லிட்டருக்கு மேல். இத்தனை தண்ணீரை எங்கே அனுப்பப்போகிறோம் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மதில் ஓரம் மூன்றடி அகலத்துக்குத் தளத்தை உடைத்து மண்ணாக்கி, நடுவில் மழைநீர்த் தொட்டியும் எடுத்தோம். இப்போது அங்கே நந்தியாவட்டையும் இலவம்பாடி முள்ளுக் கத்திரியும் நிற்கின்றன. அதன் பிறகு எந்த மழைக்கும் படி நனைந்ததோடு சரி.

சத்துவாச்சாரி வாசி:

குடியாத்தம் தங்கச்சிக்கு: பாலிஷ் போட்ட கருங்கல் மழையில் நிச்சயம் வழுக்கும், வாசலுக்கு வேண்டவே வேண்டாம். தீயில் வாட்டிச் சொரசொரப்பாக்கிய முகமும் உளியால் கொத்திய முகமும் கிடைக்கும். இரண்டிலும் ஈரக்காலோடு பயமில்லாமல் நடக்கலாம். கோலத்துக்குக் கொத்தியது சரிப்படாது, மாவு குழிக்குள் போய்விடும். வாட்டியதை எடுங்கள். கடைக்கு மதியம் போங்கள், வெயிலில் கிடக்கும் பலகைமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்து எடுங்கள். இரண்டாவது முறை நான் அம்மாவையே கூட்டிக்கொண்டு போனேன். ஆறு பலகையில் கை வைத்துப் பார்த்துவிட்டு அவர் காட்டியதுதான் இப்போது இருப்பது.

காட்பாடி நண்பர் சொன்னதைப் படித்ததும் எங்கள் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். துவைக்கிற கல்லைச் சுற்றி இன்னும் சிமெண்ட் தளம்தான். ஆடி பிறப்பதற்குள் உடைத்துவிடலாம் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன்.

ஆசிரியர் ஐயா, அந்த இடத்தில் அரளி வைக்கலாம் என்று அம்மா சொல்கிறார். சிவப்பு அரளிக் குச்சி நாலு கிடைக்குமா? ஞாயிற்றுக்கிழமை ராணிப்பேட்டை வருகிறேன்.

ராணிப்பேட்டை ஓய்வு ஆசிரியர்:

தாராளமாக வாருங்கள் தம்பி. சனிக்கிழமை சாயங்காலமே வெட்டி ஈரச் சாக்கில் சுற்றி வைக்கிறேன். அம்மாவையும் அழைத்து வாருங்கள்.