1000 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜ் செய்தால் வி.சி.பி. (11 கே.வி. பக்கத்து வாக்வம் பிரேக்கர்) விழுகிறது: ஓவர் கரன்ட் செட்டிங் சரிதானா?

கூழாலை_எலக்ட்ரீஷியன்:
வணக்கம். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் மின் பராமரிப்பு என் பொறுப்பு. சீசன் முடிந்து எட்டு மாதம் ஆலை சும்மா கிடந்தது. பெங்களூரா காய் வர ஆரம்பித்ததால் நேற்று டிரான்ஸ்ஃபார்மரை சார்ஜ் செய்தோம். ஐந்து தடவை போட்டதில் மூன்று தடவை வி.சி.பி. உடனே விழுந்தது, இரண்டு தடவை சத்தமில்லாமல் நின்றது. 433 வோல்ட் (எல்.டி.) பக்கத்து பிரேக்கரான ஏ.சி.பி. திறந்தே இருந்தது, லோடு கிடையாது.

11 கே.வி./433 வோல்ட், டெல்டா-ஸ்டார், இம்பிடன்ஸ் 5 சதவீதம். கரன்ட்டை அளந்து ரிலேவுக்குக் கொடுக்கும் சி.டி. 75/5, 5பி20 (20 மடங்கு வரை சரியாகக் காட்டும்). நியூமெரிக்கல் ரிலே. போன வருடம் ரிலே மாற்றியவர் வைத்துவிட்டுப் போன செட்டிங் (ஐ> தாமதித்து விழும் ஓவர் கரன்ட், ஐ>> உடனே விழும் ஓவர் கரன்ட்; இரண்டும் 75 ஆம்பியரின் மடங்கில்): ஐ> 0.84, நார்மல் இன்வர்ஸ் (கரன்ட் கூடக் கூடச் சீக்கிரம் விழும்), டி.எம்.எஸ். (நேரப் பெருக்கி) 0.05. ஐ>> 4, தாமதம் 0. வாசலில் காய் லாரி நிற்பதால் மேனேஜர் "ஐ>>-ஐ ஆஃப் பண்ணிட்டு ஓட்டுப்பா" என்கிறார். செய்யலாமா?

ஓசூர்_ரிலே:
வேண்டவே வேண்டாம். எச்.டி. (11 கே.வி.) கேபிளில் ஷார்ட் வந்தால் உங்கள் பிரேக்கர் யோசித்துக்கொண்டிருக்கும், மின்வாரியத்தின் ஃபீடர் முந்திக்கொண்டு விழும். ஊருக்கே கரன்ட் போய்விடும். ரிலேயில் ஃபால்ட் ரெக்கார்ட் இருக்கும், மூன்று ஃபேஸும் எவ்வளவு காட்டுகிறது?

கூழாலை_எலக்ட்ரீஷியன்:
ஆர் 412, ஒய் 187, பி 268 ஆம்பியர். காரணம் ஐ>>.

பர்கூர்_பழைய_கை:
தம்பி, எட்டு மாதம் நின்ற டிரான்ஸ்ஃபார்மர். அது டிரிப் ஆன பிறகும் மெக்கர் வைத்து இன்சுலேஷன் பார்க்காமல் ஐந்து தடவை போட்டாயா? இன்ரஷ் (சார்ஜ் செய்யும் கணத்தில் கோர் இழுக்கும் கரன்ட்) மாதிரிதான் தெரிகிறது. ஆனால் அதை முதலில் டிரான்ஸ்ஃபார்மர் சொல்லட்டும், அப்புறம் ரிலேவைத் தொடு. மெக்கர், ஆயில் பி.டி.வி. (எத்தனை கே.வி. தாங்கும் என்பது), புக்ஹோல்ஸ் ரிலேயில் காற்று, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் எல்லாம் பார்த்துவிட்டு வா.

கூழாலை_எலக்ட்ரீஷியன்:
தப்புதான் அண்ணா. இன்று பார்த்தோம். எச்.டி.–எர்த் 2000 மெகாவோமுக்கு மேல், ஆயில் 48 கே.வி., புக்ஹோல்ஸில் ஒன்றுமில்லை. சிலிக்கா ஜெல் பாதி இளஞ்சிவப்பாகியிருந்தது, மாற்றிவிட்டோம்.

ஓசூர்_ரிலே:
இனி கணக்குக்கு வரலாம். 1000-ஐ 1.732 × 11-ஆல் வகுத்தால் ஃபுல் லோடு 52.5 ஆம்பியர். ஐ> 0.84 என்பது 63 ஆம்பியர், அதாவது 1.2 மடங்கு. அது சரி, தொட வேண்டாம்.

ஐ>> 4 என்றால் 300 ஆம்பியர். கோளாறே அங்கேதான். சார்ஜ் செய்யும்போது இன்ரஷ் ஃபுல் லோடைப்போல் 8 முதல் 12 மடங்கு வரை உச்சம் தொடும், அப்புறம் வேகமாகத் தணியும். பிரேக்கர் சேரும் கணத்தில் வோல்டேஜ் அலை எங்கே இருக்கிறது, கோரில் பழைய காந்தம் எவ்வளவு மிச்சம் என்பதைப் பொறுத்து அளவு மாறும். அதனால்தான் ஒரு தடவை நிற்கிறது, ஒரு தடவை விழுகிறது, மூன்று ஃபேஸும் மூன்று விதமாக இருக்கிறது.

எல்.டி. முனையில் முழு ஷார்ட் வந்தால் எச்.டி.யில் 52.5 ÷ 0.05 = 1050 ஆம்பியர். ஐ>> அதையும் பார்க்கக் கூடாது, அது ஏ.சி.பி.யின் வேலை. 1.3 மடங்கு வைத்தால் 1365, அதாவது 18.2. உங்கள் சி.டி. 5பி20 என்பதால் அதுவரை தாங்கும். 5பி10 ஆக இருந்தால் பர்டனையும் (சி.டி. மேல் உள்ள சுமை) பார்க்கச் சொல்லியிருப்பேன்.

டி.எம்.எஸ். 0.05-இல் அந்த 1050-க்கு ரிலே 0.12 விநாடியில் விழும். ஏ.சி.பி.க்கு மூச்சுவிட நேரமில்லை. 0.15 வைத்தால் 0.36 விநாடி, ஏ.சி.பி. ஷார்ட் டைம் 0.1 இருந்தால் இடைவெளி போதும். ஆனால் ஃபீடர் செட்டிங்கையும் உங்கள் இடத்து ஃபால்ட் லெவலையும் (ஷார்ட் வந்தால் பாயக்கூடிய கரன்ட்) வாரியத்தின் எம்.ஆர்.டி. (மீட்டர், ரிலே சோதனை) பிரிவில் எழுதிக் கேட்டுச் சரிபார்த்த பிறகே பூட்டுங்கள். ஃபால்ட் லெவல் 1365-க்கு நன்றாக மேலே இருக்க வேண்டும்.

கூழாலை_எலக்ட்ரீஷியன்:
கேட்டு வாங்கிவிட்டேன், இரண்டும் ஒத்துவருகிறது. ரிலேவில் கரன்ட் செலுத்திச் சோதிக்கும் செகண்டரி இன்ஜெக்‌ஷன் செய்து பார்த்துவிட்டு சார்ஜ் செய்தோம். மறுபடி விழுந்துவிட்டது! இந்தத் தடவை காரணம், எர்த் ஃபால்ட்டுக்கு விழவைக்கும் ஐஓ>>. எர்த் கரன்ட் 34 ஆம்பியர் காட்டுகிறது. செட்டிங் 0.4, தாமதம் 0.

ஓசூர்_ரிலே:
பயப்பட வேண்டாம். எர்த் கரன்ட்டுக்குத் தனி சி.டி. இல்லாமல் மூன்றையும் கூட்டித்தானே எடுக்கிறீர்கள்? இன்ரஷில் டி.சி. பங்கு கலந்திருப்பதால் ஏதாவது ஒரு சி.டி. சற்று நேரம் சேச்சுரேட் ஆகி (காந்தம் நிரம்பி) தவறாகக் காட்டும். அப்போது கூட்டுத்தொகை பூஜ்ஜியமாக இருக்காது, ரிலே அதை எர்த் என்று நம்பிவிடும். ஐஓ>>-க்கு 0.15 விநாடி தாமதம் கொடுங்கள். எச்.டி. டெல்டா என்பதால் எல்.டி. எர்த் ஃபால்ட்டின் பூஜ்ஜியத்தொடர் (மூன்று ஃபேஸிலும் ஒன்றுபோல் வரும்) கரன்ட் இந்தப் பக்கம் வராது, அதனால் அதற்கு மேல் காத்திருக்கவும் தேவையில்லை. வசதிப்படும்போது கேபிளில் மூன்று ஃபேஸையும் ஒன்றாகச் சூழும் கோர் பேலன்ஸ் சி.டி. போட்டுவிடுங்கள்.

பர்கூர்_பழைய_கை:
சி.டி. வயரைத் தொடுவதாக இருந்தால் முதலில் செகண்டரியை ஷார்ட் செய். ஓடும்போது ஓப்பன் ஆனால் வோல்டேஜ் எகிறி ஆளையே அடிக்கும்.

கூழாலை_எலக்ட்ரீஷியன்:
சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டோம், நின்றது. கால் மணி நேரம் கழித்து இன்னொரு தடவை போட்டோம், அதுவும் நின்றது. கூழ் எடுக்கும் பல்பர் ஓடிக்கொண்டிருக்கிறது. ரிலே மெனுவில் செகண்ட் ஹார்மோனிக் பிளாக் (இன்ரஷ் என்று கண்டால் டிரிப்பைத் தடுப்பது) என்று ஒன்று இருக்கிறதே, அதையும் ஆன் செய்யவா?

பர்கூர்_பழைய_கை:
ஐ>>-க்கு வேண்டாம். அதுதான் இப்போது இன்ரஷுக்கு மேலே இருக்கிறதே. நிஜ ஷார்ட்டின் மேலேயே பிரேக்கர் போட நேர்ந்தால், சேச்சுரேட் ஆன சி.டி. ஹார்மோனிக்கைக் காட்டி ரிலேவைத் தடுத்துவிடும். புது செட்டிங்கைத் தேதி போட்டு பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டிவை.