ஜப்பானிய டெனிம்: அந்த விலைக்குரிய வேலைப்பாடு எங்கே இருக்கிறது?

நீலக்கரை (கேள்வி):
அடுத்த மாதம் அலுவலகப் பணியாக ஒசாகா செல்கிறேன். ஓய்வு நாளில் ரயிலேறி ஒகயாமா பக்கமுள்ள கொஜிமா வரை போய், நல்ல ஜீன்ஸ் ஒன்று வாங்கி வரலாம் என்று எண்ணுகிறேன். ஆனால் நான் பார்த்து வைத்திருப்பவற்றின் விலை இருபதாயிரம் ரூபாயை நெருங்குகிறது. இங்கே இரண்டாயிரத்துக்குக் கிடைப்பதும் பருத்திதான், அதுவும் நீலம்தான். காலை மடித்துவிட்டால் தெரியும் அந்தச் சிவப்புக் கரைக்காகவா இவ்வளவு பணம், அல்லது துணியிலேயே வேறுபாடு உண்டா? நெசவும் சாயமும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பாவுநூல்:
எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறையாக விசைத்தறி ஓட்டுவதால் தறியிலிருந்தே தொடங்குகிறேன். குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சுமந்து இருபுறமும் போய்வரும் நாடா உள்ள தறியில் அந்த நூல் அறுபடாமல் திரும்பித் திரும்பி வருவதால் துணியின் ஓரம் தானாகவே கட்டிக்கொள்ளும். நம் வேட்டிக்கு இருப்பதும் அதே கரைதான். நாடா இல்லாத தறியில் ஒவ்வோர் ஊடையும் ஓரத்தில் வெட்டப்படுவதால் அங்கே பிசிர் மிஞ்சுகிறது. ஜப்பானில் இந்தத் துணிக்குப் பெரும்பாலும் ஓடுபவை டொயோடாவின் பழைய நாடாத் தறிகள். அந்தப் பெயரில் கார் வருவதற்கு முன்பே, 1924-இல், தறியை நிறுத்தாமல் நாடாவை மாற்றும் ‘ஜி’ வகைத் தறியைச் சகிச்சி டொயோடா உருவாக்கிவிட்டார். அமெரிக்க ஆலைகள் கழித்துப்போட்ட தறிகளைத்தான் ஜப்பானியர் வாங்கிச் சென்றனர் என்று உலவும் கதையை நம்ப வேண்டாம். இத்தறியில் வரும் துணி ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் அகலமே இருப்பதால் ஒரு ஜீன்ஸுக்கு மூன்று மீட்டருக்கு அருகில் செலவாகும். நெசவும் மெதுவாகவே நடக்கும். விலையில் ஒரு பங்கு அங்கேயே ஏறிவிடுகிறது.

கரையை விடச் சாயம்தான் முக்கியம். நீளவாக்கில் ஓடும் பாவு நூல்களைச் சில நூறு இழைகளாகக் கயிறுபோல் சேர்த்து நீலச்சாயத் தொட்டியில் முக்கி எடுக்கிறார்கள். மேலே வரும்போது மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும் நூல், காற்றுப் பட்டதும் நீலமாகிறது. மறுபடி தொட்டி, மறுபடி காற்று. ஒவ்வொரு முறையும் சிறிது நேரமே முக்குவதால் நூலின் மேற்புறம் மட்டும் கருநீலமாகி, நடுப்பகுதி வெள்ளையாகவே நின்றுவிடுகிறது. அணிய அணிய மேற்புறம் தேய்ந்து, உள்ளிருக்கும் வெள்ளை முழங்காலிலும் தொடை மடிப்பிலும் தலைகாட்டும். சாயம் நூலுக்குள் ஏறவில்லை என்றால் எங்கள் ஊரில் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்; டெனிம் என்னும் இந்த ஜீன்ஸ் துணியில் அந்தக் குறையே பெருமை!

இந்த வேலை அவர்களுக்கு வானத்திலிருந்து விழுந்ததன்று. ஹிரோஷிமா மாகாணத்தின் ஃபுகுயாமாவில் உள்ள கைஹாரா ஆலை 1893-இல் ‘கசூரி’ என்னும் துணியில் தொடங்கியது. நூலை ஆங்காங்கே கட்டி, நீலம் தோய்த்து, அதன் பிறகு நெய்யும் துணி அது. அந்தப் பழக்கத்தோடுதான் அவர்கள் 1970-இல் கயிற்றுச் சாய இயந்திரத்தை அமைத்தார்கள். கொஜிமாவோ பள்ளிச் சீருடை தைத்த ஊர். கனத்த துணியைத் தைக்கத் தெரிந்த கைகள் அங்கே ஏற்கெனவே இருந்தன. பின்னாளில் பிக் ஜான் என்று பெயர் பெற்ற நிறுவனம் 1965-இல் அமெரிக்கத் துணியைத் தருவித்து அங்கே ஜீன்ஸ் தைத்தது. 1973-இல் குராபோ ஆலையின் ‘கேடி-8’ துணி வந்ததும் துணியும் உள்நாட்டினுடையதாயிற்று.

ஊசிமுனை:
மேலே எழுதியவருடன் உடன்படுகிறேன். ஆனால் ஓர் எச்சரிக்கை. கரை இருப்பதாலேயே துணி நல்லது என்றாகாது. நாடாத் தறியில் மட்டமான நூலைப் போட்டாலும் கரை வரத்தான் செய்யும். துணியைக் கையில் எடுத்து, நூலில் தடிப்பும் மெலிவும் கலந்து ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஒசாகாவில் ஸ்டுடியோ டார்ட்டிசான் (1979), எவிசு (1991) முதலிய ஐந்து சிறு நிறுவனங்கள் பழைய அமெரிக்க ஜீன்ஸைப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்ள முயன்றவற்றில் இந்தச் சீரின்மையும் ஒன்று.

என் அனுபவம் ஒன்று. முன்சுருக்கம் செய்யப்படாத, அதாவது தைப்பதற்கு முன்பே சுருங்க வைக்காத, துணியில் தைத்த ஜீன்ஸ் ஒன்றை வாங்கி, கடைக்குள்ளேயே காலின் நீளத்தைக் குறைத்துத் தரச் சொன்னேன். விற்பவரும் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் முதல் முறை நனைத்ததும் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. இன்று அதை என் தம்பி மகன் அணிகிறான். அத்தகைய துணி பத்தில் ஒரு பங்கு வரை சுருங்கும் என்பதால், நனைத்து உலர்த்திய பிறகே நீளத்தைக் குறைக்க வேண்டும்.

நீலக்கரை:
இருவருக்கும் நன்றி. இயற்கை நீலம் தோய்த்தது என்று சிலவற்றுக்கு இன்னும் அதிக விலை சொல்கிறார்களே, அது தேவையா?

பாவுநூல்:
முதல் ஜீன்ஸுக்குத் தேவையில்லை. ஜப்பானிய டெனிமில் பெரும்பகுதி செயற்கை இண்டிகோவில், அதாவது ஆலையில் தயாரித்த நீலச்சாயத்தில், தோய்த்ததுதான். நான் மேலே சொன்ன வெளுப்பு அதிலேயே அழகாக வரும். இயற்கை நீலத்துக்குப் பேர்போன தொகுஷிமாவில் விளைவது நீலச்சாயம் தரும் நம் அவுரி அன்று, வேறு குடும்பத்துச் செடி. அதன் இலையை மாதக்கணக்கில் புளிக்க வைத்துச் சாயமாக்கும் உழைப்புக்குத்தான் அந்தக் கூடுதல் விலை. சதுர கெஜத்துக்கு 14 அவுன்ஸ் எடையுள்ள துணியில், முன்சுருக்கம் செய்த ஒன்றை வாங்குங்கள். 21 அவுன்ஸைக் காட்டினால் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிடுங்கள். சென்னை வெயிலில் அதை அணிய முடியாது.