மீன்காரம்மாக்களிடம் செயலியைச் சோதிப்பது எங்கே: ஆய்வகத்திலா, காசிமேட்டிலா?

ஒற்றியூரான்:
வணக்கம். எம்.இ. கடைசி வருஷம் படிக்கிறேன். கூடையில் மீன் சுமந்து தெருத்தெருவாக விற்கும் பெண்களுக்காக ஒரு செயலியின் முன்மாதிரியைச் செய்திருக்கிறோம். "மாடி வீட்டு அக்கா, சங்கரா அரை கிலோ, நூத்தம்பது பாக்கி" என்று சொன்னால் போதும், கணக்கில் ஏறிவிடும். மாலையில் யார் எவ்வளவு தர வேண்டும் என்று அதுவே வாசித்துச் சொல்லும். அடுத்து இதை மதிப்பிட வேண்டும். மே மாதம் 20 பெண்களைக் கல்லூரி ஆய்வகத்துக்கு வண்டி வைத்து அழைத்து வந்து, ஆளுக்கு ஆறு வேலை கொடுத்து, நேரத்தையும் தவறுகளையும் குறித்து, கடைசியில் எஸ்யூஎஸ் (பயன்படுத்த எளிதாக இருந்ததா என்று அளக்கும்) வினாத்தாள் கொடுப்பதாகத் திட்டம். வழிகாட்டி சரி என்றுவிட்டார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. எங்கே ஓட்டை என்று சொல்லுங்கள்.

காசிமேட்டுப் பெண்:
தம்பி, என் அம்மா முப்பது வருஷமாக மீன் விற்கிறார். ஏசி அறையில் உட்கார வைத்து, எதிரே நாலு பேர் நோட்டோடு உட்கார்ந்தால் "நல்லா இருக்குப்பா" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்ல மாட்டார். போன வருஷம் அவருக்குப் புது போன் வாங்கிக் கொடுத்தேன். மீன் அரிந்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தொட்டார். விரலில் இருந்த ஈரத்தில் திரை எங்கெங்கோ தாவியது. இரண்டு தடவை தட்டிப் பார்த்தார், ஒரு செதில் வேறு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. போனைச் சுருக்குப்பையில் வைத்தவர்தான், நாலு நாள் எடுக்கவில்லை. உங்கள் ஆய்வகத்துக்கு எல்லோரும் கை கழுவி, நல்ல புடவை கட்டிக்கொண்டுதான் வருவார்கள். இதெல்லாம் அங்கே எப்படித் தெரியும்?

அளவுகோல்:
வேதனை புரிகிறது. ஆனால் எடுத்த எடுப்பில் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போவது தப்பு என்பேன். ஐஸ் உடைக்கும் மெஷின், லாஞ்ச் இன்ஜின், ஏலக் கூச்சல். அங்கே செயலி பேச்சைத் தவறாக எழுதினால் காரணம் சத்தமா, "சங்கரா" என்ற சொல்லே அதற்குத் தெரியாததா, எப்போது பேசத் தொடங்குவது என்பதைத் திரை காட்டாததா? பிரித்துச் சொல்லவே முடியாது. முதலில் அமைதியான அறை, பிறகு வெளியே. அப்புறம், 20 பேரை ஒரே தடவையில் கூப்பிடாதே. ஒருவரைச் சோதித்தால் சராசரியாக 31 சதவீதக் குறைகள் தெரியும் என்று வைத்துக்கொண்டால், ஐந்து பேரில் ஏறக்குறைய 85 சதவீதம் தெரிந்துவிடும். ஆய்வாளர்கள் நீல்சனும் லாண்டவரும் 1993இல் தந்த கணக்கு இது. ஐந்து பேர், திருத்து, மறுபடி ஐந்து பேர்.

வியாசை வாசி:
அந்த 31 ஒரு சராசரிதான், அளவுகோல் சார். லாரா ஃபாக்னர் 2003இல் 60 பேரைச் சோதித்து, அவர்களில் ஐந்தைந்து பேராகப் பொறுக்கிப் பார்த்தார். சராசரி 85ஐ ஒட்டித்தான் வந்தது. ஆனால் ஒரு ஐவர் கூட்டம் 55 சதவீதக் குறைகளைத்தான் கண்டது. பத்துப் பேராக எடுத்தபோது மிக மோசமான கூட்டமே 80ஐத் தொட்டது. தம்பிக்கு வாய்க்கும் ஐவர் எந்த ஐவர் என்று யார் உத்தரவாதம் தருவது?

"நல்லா இருக்குப்பா" என்ற பதில் காசிமேட்டு அம்மாவுக்கு மட்டும் உரியது இல்லை. பெங்களூரில் 450 பேரைப் பேட்டி கண்ட ஆய்வு ஒன்று 2012இல் வெளிவந்தது. ஒரே மாதிரியான இரண்டு தொழில்நுட்பப் பொருள்களைக் காட்டி, ஒன்று கேட்பவரே செய்தது என்று சொன்னபோது, அதையே விரும்புவதாகச் சொல்லும் வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு கூடியது. கேட்பவர் மொழிபெயர்ப்பாளரோடு வந்த வெளிநாட்டவர் என்றால் ஐந்து மடங்கு. ஆகவே செயலியைச் செய்தவன் நீதான் என்பதே அவர்களுக்குத் தெரியக்கூடாது.

அளவுகோல்:
அதை ஏற்கிறேன். எஸ்யூஎஸ் பற்றியும் யோசி. ஜான் புரூக் 1986இல் உருவாக்கிய அந்தப் பத்து வாக்கியங்களில் ஒன்று சாதகம், அடுத்தது பாதகம் என்று மாறி மாறி வரும். கண்ணால் படிப்பவர்களே தடுமாறுவதுண்டு. வாயால் கேட்டுப் பதில் சொல்லும் ஒரு ஆயா எதற்கு ஆமாம் சொன்னார் என்று உனக்கே குழம்பும். ஆனால் அமைதியான அறை முதலில் என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

காசிமேட்டுப் பெண்:
நீங்கள் எல்லோரும் அறையா, துறைமுகமா என்றே பேசுகிறீர்கள். கடன் கணக்கு எங்கே நடக்கிறது என்று யாருமே கேட்கவில்லை. துறைமுகத்தில் அம்மா மீன் வாங்குகிறார், அவ்வளவுதான். கடன் கொடுப்பது வீட்டு வாசலில். அங்கே நின்றுகொண்டு போனைப் பார்த்து "மாடி வீட்டு அக்கா, நூத்தம்பது பாக்கி" என்று உரக்கச் சொன்னால், பக்கத்து வீட்டுக்காரர் காதில் விழாதா? அந்த அக்கா மறுநாள் கதவைத் திறப்பாரா? அம்மா வாசலில் பாக்கி என்ற வார்த்தையையே எடுக்க மாட்டார். "அப்புறம் பார்த்துக்கலாம் கண்ணு" என்பார். பத்து வீடு தாண்டியும் மனசில் வைத்திருந்து, மத்தியானம் வீட்டுத் திண்ணையில் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, காசை எண்ணும்போதுதான் யார் யார் தரவில்லை என்று கூட்டுவார். அந்த அரை மணி நேரம்தான் உங்கள் செயலிக்கு உரியது. சத்தமும் கிடையாது, கையும் கழுவியாயிற்று.

இன்னொன்று, மே மாதம் வேண்டவே வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். லாஞ்ச் எல்லாம் கரையில் கிடக்கும், ஃபைபர் போட் மீன் மட்டும்தான் வரும், விலை ஏறிவிடும், கடன் கொடுக்கும் பழக்கமே மாறிவிடும். அந்த நாளில் எடுக்கும் கணக்கு மற்ற பத்து மாதத்துக்குப் பொருந்தாது. அப்புறம், வந்து உட்காரும் நேரத்துக்குப் பணம் கொடுங்கள். பாதியில் எழுந்து போனாலும் முழுசாகக் கொடுங்கள். சாயங்காலம் தண்டல்காரர் வந்து நிற்பார், ஆராய்ச்சி என்றெல்லாம் அவரிடம் சொல்ல முடியாது.

ஒற்றியூரான்:
அக்கா, வாசலில் பேச வைக்கும் திரைதான் எங்கள் முதல் திரை. நாலு மாசம் அதற்கே போனது. மாற்றிவிடுகிறேன். மாலையில் உரக்க வாசிப்பதையும் காதருகே வைத்துக் கேட்கும்படி ஆக்குகிறேன்.

புதுத் திட்டம்: முதலில் இரண்டு பேரோடு வெள்ளோட்டம். அப்புறம் பத்துப் பேர், அவரவர் திண்ணையில், மத்தியானம். ஐந்து பேர் முதல் வாரம் மனக்கணக்கு, அடுத்த வாரம் செயலி. மற்ற ஐந்து பேருக்கு அதையே திருப்பி. "பிடிச்சிருக்கா" என்று கேட்கப் போவதில்லை. தினமும் கூட்டி வந்த தொகைக்கும், பாக்கி வசூலானபோது தெரியும் உண்மைத் தொகைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்ப்பேன். கேள்வி கேட்க வேறு துறைத் தோழி வருவாள். பேச்சை எழுத்தாக்கும் பகுதி இன்னும் தடுமாறுவதால், மறைவில் ஒருவர் கேட்டுத் தட்டச்சு செய்யட்டுமா?

வியாசை வாசி:
மறைவில் வேண்டாம். கணக்கில் இருப்பது அடுத்த வீட்டுக்காரரின் கடன். கேட்பது மெஷின் என்று நம்பி ஒரு ஆயா சொல்வதை இன்னொரு மனிதன் ஒட்டுக் கேட்பது நியாயமே இல்லை.

அளவுகோல்:
எண்பதுகளிலிருந்து நடைமுறையில் உள்ள முறைதான் அது. சோதனை முடிந்ததும் உண்மையைச் சொல்லி, பதிவை அழிக்கவா என்று கேட்டால் போதும் என்பது என் கருத்து.

காசிமேட்டுப் பெண்:
முடிந்த பிறகு சொன்னால் அம்மா அடுத்த தடவை வாசலில் சேர்க்க மாட்டார். முன்னாடியே சொல்லுங்கள், "உள்ளே ஒரு பொண்ணு உட்கார்ந்து எழுதுறா" என்று. அவருக்கு அது ஒரு பெரிய விஷயமே இல்லை. ஜூலை முதல் வாரம் வா தம்பி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்கு வியாபாரம் முடிய மூன்று மணி ஆகும்.