அடி வாங்கும் அண்ணனை எங்கே கூட்டிப் போவது?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். அண்ணி அண்ணனை அடிக்கிறார், போன வாரம் தோசைக் கரண்டியால் சூடு வைத்ததை முழுக்கைச் சட்டையில் மறைத்துக்கொண்டுதான் அண்ணன் செம்பனைக் குலை வெட்டப் போனார். போலீசில் சொன்னால் சிரிப்பார்களாம். என்ன செய்வது?

பதில்: சிரித்தாலும் புகார் கொடுங்கள். 1994 குடும்ப வன்முறைச் சட்டம் கணவனுக்கும் பொருந்தும். அப்புறம், காயம் ஆறுவதற்குள் அரசு மருத்துவமனையில் காட்டிப் பதிவு செய்யுங்கள்.

பதில்: 15999 என்ற அரசு உதவி எண்ணுக்கு அழையுங்கள். சமூக நல அதிகாரியே 7 நாளுக்கு அவசரப் பாதுகாப்பு ஆணை தரலாம்.

பதில்: நானும் அடி வாங்கியவள்தான் தம்பி. எனக்காக லயமே, எங்கள் தோட்டக் குடியிருப்பே, திரண்டு வந்தது, உங்கள் அண்ணனுக்கு ஒருத்தரும் வரவில்லையே என்று வயிறு எரிகிறது. இன்று ராத்திரி அவரை உங்கள் வீட்டிலேயே படுக்க வையுங்கள்.

கேள்வி கேட்டவர்: சரி அக்கா, இப்போதே கிளம்புகிறேன்.